மஞ்சளடிக்கும் வெள்ளிக் காசு

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் மார்வின் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருக்கட்டும். காரணம் இல்லாமல் நான் யார் மேலும் விழுந்து பிடுங்கியதில்லை. அந்த இரண்டு நாளும் என் முகம் கடுகு பொரிந்த மாதிரி இருந்தது என்றால், அதற்குக் காரணம் புதுக்கோட்டையில் உட்கார்ந்திருந்தது.

என் பெயர் எவலின். வீடு மலேசியாவில், கிள்ளானில். பழைய காசுகளைப் படம் எடுப்பது என் வேலை. அப்போது அதை வேலை என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் பழைய காசுக் கடை வைத்திருக்கும் பரமேஸ்வரன் அண்ணன், "ஒரு மாசம் எடுத்துப் பாரு, அப்புறம் பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அந்த 'பாப்போம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பேக்டரியில் பொட்டலம் கட்டினேன். ஷிப்டு முடிந்து வரும்போது செருப்புக்குள் கால் நுழையாது. ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பினார்கள். இப்போது ஆள் வேண்டும் என்று மறுபடியும் கூப்பிடுகிறார்கள். போக மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். போகாமல் இருக்க வேண்டும் என்றால் பரம் அண்ணன் கடையில் நான் நிலைக்க வேண்டும். எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

அண்ணனுக்குப் போன் கேமரா மேல் நம்பிக்கை கிடையாது. "போன் பேசறதுக்குலா, படம் எடுக்கறதுக்கு கேமரா இருக்கு" என்பார். அம்பாங்கில் ஒரு ஸ்டூடியோவில்தான் முன்பு எல்லாவற்றையும் எடுப்பார். அந்த ஸ்டூடியோக்காரர் காசை வாங்கி வைத்துக்கொண்டு இன்றைக்கு நாளைக்கு என்று இழுப்பார். அதனால்தான் எனக்கு இடம் கிடைத்தது. என் சித்தி மகள் கவரிங் கடைக்காக நான் எடுத்த ஒரு தோட்டின் படத்தைக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். தோட்டில் பற்ற வைத்த இடம்கூடத் தெரிந்தது.

"இது போன்லயா எடுத்த?"

"போனும் ஒரு முப்பது வெள்ளி லென்சும்ணே."

அந்த லென்ஸ் துணி காயப்போடும் கிளிப் மாதிரிதான் இருக்கும், வாயில் மட்டும் ஒரு கண்ணாடிக் குமிழ். போன் கேமராவின் மேல் அதைக் கவ்வ வைக்க வேண்டும். கேட்க சுலபம். என் போனுக்கு மூன்று கண். ஒரு கண்ணில் லென்ஸை மாட்டினால், காசுக்குக் கிட்டே கொண்டுபோனதும் அது திருட்டுத்தனமாக அடுத்த கண்ணுக்குத் தாவிவிடும். மற்ற இரண்டையும் கறுப்பு டேப் ஒட்டி மூடிய பிறகுதான் வழிக்கு வந்தது. கிட்டே போனால்தான் எழுத்து தெளியும், ஆனால் கிட்டே போனால் போனின் நிழல் காசில் இருக்கும் ராணியின் முகத்திலேயே விழும். தள்ளிப் போனால் எல்லாம் மங்கல். பளபளக்கும் காசாக இருந்தால் இன்னும் மோசம், காசுக்குள் என் போன் தெரியும், சில சமயம் என் மூக்கும் தெரியும்.

விடவில்லை. இரண்டு மைலோ டின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் போன். ஐஸ் தே, அதாவது ஐஸ் டீ வாங்கிய பிளாஸ்டிக் குவளையின் அடியை வெட்டிக் காசைச் சுற்றிக் கவிழ்த்து வைத்தேன், வெளிச்சம் அதற்குள் வடிந்து பரவியது. விரலால் தட்டினால் போன் ஆடும் என்பதால் இயர்போன் பட்டனை அழுத்திப் படம் எடுத்தேன். நிறத்துக்கு ஒரு வழி வைத்திருந்தேன். காசின் பக்கத்திலேயே ஒரு துண்டு வெள்ளைத் தாளை வைப்பேன். படத்தில் தாள் வெள்ளையாக வந்தால் காசின் நிறமும் உண்மையாக வந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு தாளை வெட்டிவிட்டுக் காசை மட்டும் அனுப்புவேன்.

பரம் அண்ணனுக்கு மலேசியாவில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். அதில் படத்துக்குக் கீழே தமிழில் எழுத வேண்டும். அண்ணன் படித்ததெல்லாம் மலாயும் ஆங்கிலமும். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுதச் சொன்னால் தலையைச் சொறிவார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவள். ஆகவே எழுதுவதும் என் தலையில் விழுந்தது. எழுதினேன், பெருமையாகவே எழுதினேன்.

அந்தத் தடவை குழுவில் போட்டதில் இரண்டு வகைக் காசுகள் இருந்தன. விக்டோரியா ராணியின் தலை போட்ட பழைய காசுகள் ஒரு வகை. இன்னொன்று, இப்போது செல்லாமல் போன நம் ஒரு ரிங்கிட் காசு. ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் கெரிஸ் கத்தி, பித்தளை மாதிரி மஞ்சள் நிறம். எல்லாவற்றின் கீழேயும் பெயர், ஆண்டு எழுதி அனுப்பினேன்.

மறுநாள் நான் கடைக்குள் கால் வைத்ததுமே அண்ணன் போனைத் தூக்கிக் காட்டினார்.

"எவலின், புதுக்கோட்ட கஸ்டமர் போன் பண்ணி கொம்ப்லேன் பண்றாரு. சில்வர் காசு மஞ்சளா அடிக்குதாம்."

"எதுணே?"

"சில்வருன்னா ராணி தலதான்லா, வேற எது? போன்ல எடுத்தா இப்படித்தான் ஆகும்னு நா அப்பவே சொன்னேன். காச புளி கிளி போட்டு தேச்சியா?"

"நா எதுக்குண்ணே தேய்க்கப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் படங்களைத் திறந்து பார்த்தேன். ராணி மஞ்சளாக இல்லை. சாம்பல் பூத்த மாதிரி, பழைய கொலுசு நிறத்தில் இருந்தாள். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அவருடைய போனில் அப்படித் தெரிகிறதோ என்னவோ. கடையின் பின்பக்க ஜன்னலில் காலை வெயில் நேராக விழாத நேரமாகப் பார்த்து, கேக் சுடும் தாளை ஜன்னலில் ஒட்டி, ராணியை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். கழுத்து மடிப்பு, காது, தலைமுடியில் ஒவ்வொரு இழை. என் வாழ்க்கையில் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படங்கள் அவை. கூடவே தாளை வெட்டாத முழுப் படத்தையும் அனுப்பச் சொன்னேன். தாளும் வெள்ளை, ராணியும் வெள்ளை. இப்போது என்ன சொல்வார் என்று பார்ப்போம் என்று இருந்தேன்.

அவர் சொன்னார். சாயந்திரமே சொன்னார்.

"ஸ்டீல் காசு படத்தெல்லாம் திரும்ப திரும்ப அனுப்பறீங்க, மஞ்சக் காச பத்தி வாயே தொறக்க மாட்றீங்க, ஏமாத்தறீங்களான்னு கேக்கறாரு" என்றார் அண்ணன். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "இந்த மனுசன் குரூப்புல நாலு பேருகிட்ட சொன்னா முடிஞ்சிச்சி எவலின். என் பேரு போயிடும்."

ஸ்டீலாம். நூறு வருஷத்துக்கு மேல் பழைய விக்டோரியா ராணி இவருக்கு ஸ்டீலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைலோ டின் இரண்டும் நசுங்கியிருக்க வேண்டும்.

"ஒண்ணு பண்ணு" என்றார் அண்ணன். "போன்லயே எடிட் பண்ணி நல்லா வெள்ளையா ஆக்கி அனுப்பு. மஞ்சளா எது இருந்தாலும் வெள்ளையா ஆக்கு. எல்லாரும் பண்றதுதான்."

"மாத்த மாட்டேண்ணே."

"ஏன்?"

"காசு எப்படி இருக்கோ அப்படித்தான் படம் இருக்கணும். நா வெள்ளையாக்கி அனுப்பி, காசு அவரு கைக்கு போயி, அது வெள்ளையா இல்லன்னா அவரு என்ன கேக்க மாட்டாரு. உங்களத்தான் திருடன்னு சொல்வாரு."

அண்ணன் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அப்ப திங்கக்கெழம அம்பாங் ஸ்டூடியோவ கூப்பிடறேன். கோவிச்சுக்காத. நீ நல்லாத்தான் எடுக்கற. ஆனா கஸ்டமருக்கு புடிக்கணும்ல."

வீட்டுக்குப் போய் மார்வினிடம் சொன்னேன். பந்திங்குக்கு லோரி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த மனுஷன், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். "விடுலா. செல்லாத காசுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? பேக்டரில கூப்பிடறாங்கல்ல, போயேன்." அன்றைக்கு அவர் மீன் குழம்பைத் தானே சூடு பண்ணிக்கொண்டார்.

படுத்தாலும் அந்த மஞ்சள் மனதைவிட்டுப் போகவில்லை. தாள் வெள்ளையாக இருக்கிறது. ராணி வெள்ளையாக இருக்கிறாள். அப்புறம் எந்த மஞ்சள்? அதை அவரிடமே கேட்காமல் அம்பாங்குக்கு வழி விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். காலையில் கடைக்குப் போய்ப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அண்ணன் முன்னால் நின்றேன்.

"அவரு நம்பர குடுங்கண்ணே."

"கஸ்டமர் நம்பர குடுக்க மாட்டேன். அதோட நீ பேசற வாய்க்கு..."

"மரியாதையாத்தான் பேசுவேன். நீங்களே போட்டுக் குடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நா ஒரு வார்த்த தப்பா பேசினா நீங்க கட் பண்ணிடுங்க."

அவர் கணக்குப் பார்ப்பது மாதிரியும் கல்லாவைத் துடைப்பது மாதிரியும் நடித்தார். நான் நின்றேன். ஒரு சீன ஆன்டி வந்து காசு உறை வாங்கிக்கொண்டு போனார். நான் அப்போதும் நின்றேன். கடைசியில் அண்ணன் பெருமூச்சு விட்டு நம்பரைத் தட்டினார்.

புதுக்கோட்டைக்காரர் பெயர் சுகுமாறன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் மெதுவாக, வாத்தியார் மாதிரி இருந்தது. திட்டுகிறவர் குரல் இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"சார், நாந்தான் படம் எடுக்கறவ. எந்தக் காசு மஞ்சளா இருக்குன்னு எனக்கு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. வட்டம் போட்டு அனுப்புங்க, போதும்."

"அனுப்புறேன் மேடம். நானும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், யாரும் காதுல வாங்க மாட்டேங்குறீங்க."

படம் வந்தது. சிவப்பு வட்டம் ராணியைச் சுற்றி இல்லை. கெரிஸ் கத்தியைச் சுற்றி இருந்தது. அதன் கீழே நான் பெருமையாக எழுதிய எழுத்து: 'ஒரு வெள்ளிக் காசு.'

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"சார், இது மஞ்சக் காசுதான். மஞ்சளாத்தான் இருக்கும்."

"நீங்களே வெள்ளின்னு எழுதியிருக்கீங்களே."

"ஆமா சார், ஒரு வெள்ளி. ஒரு ரிங்கிட். எங்க ஊருல ரிங்கிட்ட நாங்க வெள்ளின்னுதான் சொல்லுவோம். ஒரு ரிங்கிட் ஒரு வெள்ளி, பத்து ரிங்கிட் பத்து வெள்ளி."

"அப்போ அந்த ராணி தலை? அதுக்குக் கீழ சில்வர் காசுன்னு போட்டிருந்துச்சே."

"அதுதான் சார் நீங்க கேக்கற வெள்ளி. ரெண்டும் ஒண்ணாயிடக்கூடாதுன்னு நா அத சில்வருன்னு எழுதினேன்."

"எங்க ஊர்ல சில்வர்னா எவர்சில்வர் மேடம். குடம், தட்டு, டம்ளர்."

பரம் அண்ணனுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மேசையில் சாய்ந்துவிட்டார். எனக்கும் இப்போதுதான் முழுதும் புரிந்தது. சுகுமாறன் முதல் நாளே 'வெள்ளிக் காசு மஞ்சளாக இருக்கிறது' என்று தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். நம் அண்ணன் அதை என்னிடம் 'சில்வர்' என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லை அவர் மாற்றாமல் இருந்திருந்தால், எந்த வெள்ளி என்று நான் அங்கேயே கேட்டிருப்பேன். சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன். ஆனால் போனில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "காசுக்கு மட்டுந்தான் வெள்ளின்னு சொல்லுவீங்களா, நோட்டுக்குமா?" என்றார்.

"நோட்டுக்குந்தான் சார்."

"காகிதத்துக்குமா?"

"காகிதமும் வெள்ளிதான் சார். இன்னைக்கு காலையில கூட மூணு வெள்ளி குடுத்து தே வாங்கினேன், நோட்டுலதான்."

பரம் அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பா கிள்ளான்லதான் இருந்தாரு" என்றார் சுகுமாறன். "துறைமுகத்துல வேலை. உடம்பு முடியாம ஊருக்கு வந்தாரு. சாகும்போது எங்கம்மாகிட்ட, அக்காகிட்ட ஐந்நூறு வெள்ளி குடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். அக்கான்னா என் அத்தை, பவுனம்மாள். ஐந்நூறு வெள்ளிக் காசுன்னு நெனச்சு அம்மா போயிக் கேட்டாங்க. தம்பி குடுத்தது நோட்டு, பேங்குல மாத்தி அவன் ஆஸ்பத்திரிக்கே செலவு பண்ணிட்டேன், மிச்சம் இதுதான்னு அத்தை கொஞ்சம் ரூபாய எடுத்து வெச்சாங்க. வெள்ளி எங்கன்னு அம்மா கேட்டாங்க. வெள்ளியே கிடையாது, நோட்டுதான்னு அத்தை சொன்னாங்க. அவ்வளவுதான். ஒரு பானை வெள்ளிய முழுங்கிட்டு காகிதத்தக் காட்டுறான்னு அம்மா தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்தினாங்க. அத்தை கோயில்ல கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணாங்க. நாங்க யாரும் நம்பல."

"அத்தை இப்ப?"

"அடுத்த தெருவுலதான் இருக்காங்க. நான் வேலைக்குப் போறதுக்கு முன்னால பேச்சு நின்னது. எங்கம்மா செத்தப்ப வாசல் வரைக்கும் வந்தாங்க மேடம். கையில மாலையோட. நான்தான் உள்ள விடல."

இந்த மனுஷனை நான் எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவர் பழைய மலாயா வெள்ளிக் காசுகளைத் தேடித்தேடிக் கேட்டதெல்லாம், தங்களுக்கு வராமல் போன சொத்து எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்கத்தான். அதையும் அவரே சொன்னார்.

"அந்த மஞ்சக் காசு படத்தப் பெருசா அனுப்புங்க" என்றார். "நீங்க எழுதினது அப்படியே இருக்கட்டும். நெறத்த மட்டும் மாத்திடாதீங்கம்மா." அதுவரை மேடமாக இருந்தவள் அப்போது அம்மாவாகிவிட்டேன்.

வெள்ளைத் தாளை வெட்டாத முழுப் படத்தைத் தேடி எடுத்தேன். தாள் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் காசு மஞ்சளாக, கெரிஸின் பிடியில் உள்ள ஒவ்வொரு வெட்டும் தெரிய இருந்தது. அண்ணன் போனிலிருந்தே அனுப்பினேன். நல்ல வேளை, முந்தின நாள் நான் பயந்துபோய் அதை வெள்ளையாக்கவில்லை.

பரம் அண்ணன் கொஞ்ச நேரம் காசு உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து அம்பாங் ஸ்டூடியோவுக்குப் போட்டு, "வேணாம் boss, இங்கயே ஆளு இருக்கு" என்றார். எதிர்க்கடையிலிருந்து இரண்டு தே தாரிக் வரவழைத்தார். அவர் கஞ்சம். அதனால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேக்டரிக்கு வரமாட்டேன் என்று அங்கேயே நின்று மெசேஜ் அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் சுகுமாறன் எண்ணிலிருந்து அண்ணன் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. திறந்தால் அவர் குரல் இல்லை. ஒரு கிழவியின் குரல். உடைந்த குரல்தான், ஆனால் அதட்டல் கொஞ்சமும் குறையவில்லை. பின்னால் யாரோ ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பாப்பா, பவுனம்மா பேசுறேன். படம் பாத்தேன். நல்லா தெளிவா இருக்கு. ஆனா எந்தம்பி எங்கிட்ட காசு குடுக்கல. நோட்டுதான் குடுத்தான். அப்ப இருந்த நோட்டு எதுவோ அத எடுத்து அனுப்பு. கீழ கொட்ட எழுத்துல எழுது. இவன் வந்து கால்ல விழுந்தா மட்டும் போதாது. என்னத் திருடின்னு சொன்ன தெருவுல பாதிப்பேரு செத்துட்டாங்க, மிச்சம் இருக்கற பேருக்காவது நா காட்டணும்."

நான் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பரம் அண்ணன் இரும்புப் பெட்டியைத் திறந்து, அந்தக் காலத்துப் பத்து ரிங்கிட் நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

நோட்டு காசு மாதிரி அடங்கி இருக்காது, ஓரம் சுருட்டிக்கொள்ளும். மேலே கண்ணாடியை வைத்து அழுத்தினேன். கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது. போனைத் தள்ளினேன், நோட்டைத் தள்ளினேன், மேசையையே அண்ணனை வைத்து நகர்த்தினேன். முழு நோட்டும் வர லென்ஸைக் கழற்றி ஒரு படம் எடுத்தேன். காகிதத்தின் நார் தெரிய வேண்டும் என்று லென்ஸை மாட்டி இன்னொன்று எடுத்தேன். பக்கத்தில் வெள்ளைத் தாள் இருந்தது. இந்தத் தடவை அதை நான் வெட்டுவதாக இல்லை.

பிறகு உட்கார்ந்து, கிழவி சொன்ன மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'பத்து வெள்ளி. மலேசியாவில் காகிதத்துக்கும் வெள்ளி என்றுதான் பெயர்.'